மேல் வீட்டு யூதப் பாட்டிக்கு எப்படி உதவுவது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கலா_குயின்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நியூயார்க்கில் குயின்ஸ் பக்கம், கியூ கார்டன்ஸ் ஹில்ஸில் ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு யூதப் பாட்டி தனியாக இருக்கிறார், 86 வயது, ஹங்கேரியில் பிறந்தவர், மகன் கலிபோர்னியாவில். இரண்டு மாதம் முன்னால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மூன்று வாரம் ரீஹாபில் இருந்துவிட்டு இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஓர் உதவியாளர் வருகிறார், மற்ற நேரமெல்லாம் தனிதான். வாக்கர் பிடித்து நடக்கிறார். மரத்தரை என்பதால் அந்த வாக்கர் டக் டக் என்று ஊன்றுவது எங்கள் படுக்கையறைக்கு மேலே அப்படியே கேட்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது சமையலறைப் பக்கம் போகும், நான் முழித்துக்கொண்டு, திரும்பி வருகிறதா என்று கேட்டபடி படுத்திருப்பேன், வந்து கட்டில் கிறீச்சிட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நான் இருக்கும்போதே தலையில் துணி கட்டிய இரண்டு பெண்கள் ஒரு டிராலி பையோடு வந்தார்கள், சூடாக சூப், ரொட்டி, ஒரு சின்ன டப்பாவில் கேக் எடுத்து வைத்தார்கள், பத்து நிமிஷம் பேசினார்கள், போய்விட்டார்கள். சொந்தக்காரர்களா என்று கேட்டேன், இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்றார் பாட்டி. அதே மாடியில் ஒரு கதவில் "பிக்குர் ஹோலிம்" என்று எழுதியிருந்தது. இவர்கள் யார், வீட்டுக்கும் வருவார்களா, யாரிடம் சொன்னால் வருவார்கள்?

இன்னொன்று. போன வாரம் ரசம் சாதமும் பருப்பும் எவர்சில்வர் தூக்கில் கொண்டு போய்க் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், மறுநாள் தூக்கைக் கழுவி, உள்ளே ஒரு பிஸ்கட் பாக்கெட் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று உதவியாளர் மூலம் தெரிந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது, ஏதாவது தப்பு செய்துவிட்டேனா? என் அப்பாவும் மன்னார்குடியில் தனியாகத்தான் இருக்கிறார், பக்கத்து வீட்டு அம்மாதான் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார்கள், அதனால் இந்தப் பாட்டியை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை.

---

நர்ஸ்_மேரி எழுதியது:

கலா, நான் மன்ஹாட்டனில் 19 வருஷமாக நர்ஸ். அந்தப் பெண்களை தினமும் பார்க்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிக்குர் ஹோலிம் என்பது ஹீப்ரு. நோயாளியைப் போய்ப் பார்ப்பது, நாம் நலம் விசாரிப்பது என்கிறோமே, அதுதான். இது ஒரே ஒரு சங்கத்தின் பெயர் இல்லை. பேட்டைக்கு ஒன்று, ஆலயத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், சிலது பெரிய அமைப்பு, சிலது நாலு பெண்களும் ஒரு காரும்தான். இங்கே ரொம்பப் பேர் அறிந்தது புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க்கில் இருக்கும் சாட்மர் என்ற, ரொம்பக் கட்டுப்பாடான யூதப் பிரிவினருடையது. அவர்களுடைய குரு ஜோயல் டைடல்பாமின் மனைவி ஃபெய்கா டைடல்பாம் 1950களில் ஆரம்பித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் குடும்பத்தையே பறிகொடுத்துவிட்டு வந்து இறங்கிய ஜனங்கள் அந்தப் பேட்டையில் நிறைய, படுத்துவிட்டால் பார்க்க ஆள் கிடையாது. இன்றைக்கும் அந்தப் பெண்கள் வண்டி பிடித்து மன்ஹாட்டன் ஆஸ்பத்திரிகளுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். எந்தப் பிரிவு, எவ்வளவு பக்தி என்றெல்லாம் கேட்பதில்லை, யூத நோயாளி இருக்கிறார் என்று தெரிந்தால் வந்து நிற்பார்கள்.

நீங்கள் கதவோடு பார்த்துவிட்டு வந்த அறைக்குள் எங்கள் ஆஸ்பத்திரியில் என்ன இருக்கும் என்றால், ஒரு ஃபிரிட்ஜ் நிறைய பெயர் ஒட்டிய சாப்பாட்டு டப்பாக்கள், இறைச்சிக்கு ஒன்று பாலுக்கு ஒன்று என்று இரண்டு மைக்ரோவேவ், ஜெப புத்தகங்கள், காபி, ஒரு சோபா. வெள்ளிக்கிழமை மாலை ஏற்ற வேண்டிய விளக்குக்கு இங்கே நெருப்பு கூடாது, ஆக்சிஜன் இருக்கிற இடம், அதனால் பேட்டரி விளக்கு ஒரு பெட்டி நிறைய வைத்திருப்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஐசியூ வாசலில் நின்று களைத்த ஒரு மகன் அந்த சோபாவில் உட்கார்ந்து சூப் குடிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளி சூரியன் இறங்கியதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள், வண்டி ஓட்டக் கூடாது என்பதால், நோயாளியோடு வந்தவர்கள் தங்க ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே வீடு எடுத்து வைத்திருக்கும் குழுக்களும் உண்டு.

எனக்குப் பிடித்த விஷயம், இதற்கெல்லாம் அவர்களிடம் பழைய விதிகள் இருக்கின்றன. ஒரு ரபி, அதாவது யூத மத குரு, எனக்குச் சொல்லிக் கொடுத்தது. பைபிளில் ஆதியாகமம் 18இல் கர்த்தர் மம்ரேயில் ஆபிரகாமுக்குத் தரிசனமானார் என்று நாம் படிக்கிறோம் இல்லையா, விருத்தசேதனம் (சுன்னத்) முடிந்து வலியோடு இருந்தவரை நலம் விசாரிக்கவே அவர் வந்தார் என்று அவர்கள் வாசிக்கிறார்கள். தல்மூத் என்ற அவர்களுடைய பழைய சட்ட நூலில், பார்க்க வருகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று இருக்கிறது. அப்படியானால் அறுபது பேரை அனுப்பிவிடலாமே என்று அங்கேயே ஒருவர் கேட்கிறார், மிச்சம் இருப்பதில் அறுபதில் ஒரு பங்கு என்று பதில் வருகிறது. அதிலேயே வரும் ரபி அகிவா என்ற பழங்கால குருவின் சீடர் ஒருவர் படுத்துவிட்டார், பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அகிவா போனார், அவர் வந்ததால் அறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள், அதிலேயே சீடர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை, தரையைப் பெருக்கியதுதான்! நெருங்கியவர்கள் உடனே போகலாம், மற்றவர்கள் மூன்று நாள் கழித்துப் போக வேண்டும். வயிற்றுக் கோளாறு உள்ளவரிடம் போய் நின்று கூச்சப்படுத்தக் கூடாது, தலைவலிக்காரரிடம் பேசி அலுப்பூட்டக் கூடாது. இதை எங்கள் வார்டுக்கு வரும் எல்லா விருந்தாளிகளுக்கும் எழுதி ஒட்டலாம் என்று தோன்றும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அவரைக் கேட்காமல் யாருக்கும் அவர் பெயரைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியும் உங்களிடம் எதுவும் சொல்லாது, நீங்கள் சொந்தம் இல்லை. அவரிடம் டிஸ்சார்ஜ் காகிதங்கள் இருக்கும், அதில் சோஷியல் ஒர்க்கர் நம்பர் இருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பேசச் சொல்லுங்கள், உங்கள் பேட்டை பிக்குர் ஹோலிம் நம்பர் அவர்களிடமே கிடைக்கும். நகரத்தின் உதவி எண் 311ஐ அழைத்து முதியோர் சேவை என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். ஹங்கேரியில் பிறந்து 86 வயது என்றால் யுத்தத்தின்போது அவர் குழந்தை. செல்ஃப்ஹெல்ப் என்ற அமைப்பு 1936இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்காகத் தொடங்கியது, இன்றும் அந்தத் தலைமுறையைப் பார்த்துக்கொள்கிறது. ஜெர்மன் அரசு தரும் பணத்தில் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற நஷ்டஈட்டு அமைப்பு மூலமாக வீட்டு உதவிக்குக் கூடுதல் மணி நேரம் கிடைக்கலாம். இதை மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

---

சுசீலா_பெத்தாதிக்வா எழுதியது:

கலா அக்கா, நான் கன்னியாகுமரி மாவட்டம். இஸ்ரேலில் 11 வருஷமாக வீட்டோடு இருந்து வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நம் ஊரில் மடி ஆசாரம் பார்க்கிற பாட்டி வெளிச் சமையலைத் தொட மாட்டாரே, அதே மாதிரி. உங்கள் ரசத்தில் குற்றம் இல்லை, பாத்திரம்தான் காரணம், கோஷர் (யூத உணவு விதிப்படியானது) இல்லாத பாத்திரத்தில் வெறும் சாதம் வடித்தாலும் அவர்களுக்கு ஆகாது. நான் இருக்கும் வீட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கழுவுதொட்டி. வந்த புதிதில் கரண்டியை மாற்றிப் போட்டுவிட்டு அழுதிருக்கிறேன்.

நறுக்காத முழுப் பழம் கொண்டு போங்கள், ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு. பாக்கெட் பொருள் என்றால் வட்டத்துக்குள் யு எழுத்து போட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பிரிக்காமல் கொடுங்கள். பூ கொடுங்கள், அதற்கு முத்திரை தேவையில்லை. வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும்வரை போன் அடிக்காதீர்கள், காலிங் பெல்லும் மின்சாரம்தான், கதவைக் கையால் தட்டுங்கள். ஆனால் விழுந்துவிட்டார், மூச்சு வாங்குகிறது என்றால் எந்த நாளாக இருந்தாலும் யோசிக்கவே யோசிக்காதீர்கள், உயிர் போகும் என்றால் ஓய்வுநாள் சட்டம் தள்ளி நிற்கும், அதுவும் அவர்கள் சட்டம்தான்.

இங்கே யாத் சாரா என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஊரி லுபோலியான்ஸ்கி என்ற ஜெருசலேம் வாத்தியார், குழந்தைக்குச் சளி என்று பக்கத்து வீட்டில் ஆவி பிடிக்கும் கருவியை இரவல் வாங்கினார். எல்லோரும் விலை கொடுத்து வாங்குவதற்கு ஒன்றை வாங்கி வைத்து இரவல் கொடுத்தால் என்ன என்று 1976இல் தொடங்கினார். நாஜிக்கள் கொன்ற தன் பாட்டி சாராவின் பெயரை வைத்தார். பின்னால் அவர் ஜெருசலேம் மேயராகவே ஆனார். இப்போது சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் எல்லாம் முன்பணம் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். எங்கள் அம்மாவுக்கு (நான் பார்த்துக்கொள்கிறவரை அப்படித்தான் சொல்வேன்) வாக்கர் அங்கேதான் எடுத்தேன். கவுண்டரில் இருந்த தாத்தாவுக்கே எண்பதுக்கு மேல் இருக்கும், சம்பளமில்லாத வேலை, குனிந்து என் முன்னாலேயே வாக்கரின் ரப்பர் அடியை மாற்றி, உயரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார். அக்கா, மேல் வீட்டு வாக்கர் அவ்வளவு சத்தம் போடுகிறது என்றால் ரப்பர் தேய்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள், வழுக்கிவிடும்.

அப்புறம் ஒன்று. அந்தப் பாட்டி எப்போதாவது ஹங்கேரிய மொழியில் உங்களிடம் பேச ஆரம்பித்தால் திருத்தாதீர்கள், வயதாக ஆகக் குழந்தைப் பேச்சு திரும்பி வரும். தலையணைக்கு அடியிலோ டிராயரிலோ ரொட்டித் துண்டு கண்ணில் பட்டால் தூக்கிப் போடாதீர்கள், யுத்தப் பட்டினி பார்த்தவர்கள் சிலர் அப்படி எடுத்து வைப்பார்கள். எங்கள் அம்மா தினமும் ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றி வைப்பார். நான் தினமும் பழசை எடுத்துவிட்டு அதே கைக்குட்டையில் புதிது வைத்துவிடுவேன். அது அங்கே இருந்தால்தான் அவருக்குத் தூக்கம்.

---

செந்தில்_நியூஜெர்சி எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னதுக்குப் பிறகு எனக்கு அதிகம் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: மாத்திரை எடுத்துக் கொடுப்பது, செக் எழுதுவது, வங்கி கார்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போவது, இதெல்லாம் வேண்டாம். எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் நாளைக்கு மகன் கேட்கும்போது உங்களால் பதில் சொல்ல முடியாது. மகனுக்கு இன்றே ஒரு போன் போட்டு, நான் கீழ் வீடு, இது என் நம்பர் என்று சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 911. ஹட்ஸாலா என்று யூதத் தொண்டர்களின் ஆம்புலன்ஸ் உங்கள் பக்கத்திலும் உண்டு, 1960களில் வில்லியம்ஸ்பர்க்கில் தொடங்கியது, அதன் நம்பர் அவர் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கலாம், பாருங்கள்.

நானும் என் மகளும் மன்ஹாட்டனில் தோரோத் என்ற அமைப்புக்கு யூதர்களின் பாஸ்கா பண்டிகை சமயம் சாப்பாட்டுப் பை கொண்டு போயிருக்கிறோம். 1976இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது, ஹீப்ருவில் தலைமுறைகள் என்று அர்த்தம். யூதராக இருக்க வேண்டும் என்று இல்லை. பையைக் கொடுத்துவிட்டு ஓடக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குத்தான் அனுப்புகிறார்கள். நாங்கள் போன வீட்டுத் தாத்தா கதவைத் திறக்கும்போதே உள்ளே இரண்டு நாற்காலி எதிரெதிராகப் போட்டு, ஒன்றின் மேல் துணி விரித்து வைத்திருந்தார். நாங்கள் இரண்டு பேர் வந்துவிட்டோமே என்று... சமையலறையிலிருந்து மூன்றாவதை அவரே இழுத்துக்கொண்டு வந்தார், என்னைத் தூக்க விடவில்லை. எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நாளுக்காகக் காத்திருப்பார்கள், தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

---

கலா_குயின்ஸ் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

சுசீலா சொன்னது அப்படியே உண்மை, ரப்பர் அடியில் இரண்டு தேய்ந்து உலோகமே வெளியே தெரிந்தது. என் கணவர் மருந்துக்கடையில் வாங்கி வந்து நாலையும் மாற்றினார். மகனிடம் பேசினேன், முதலில் தயங்கினார், பிறகு அரை மணி நேரம் பேசினார், இப்போது ஞாயிறுதோறும் அவரே எனக்குப் போன் செய்கிறார். பாட்டியும் நானும் சோஷியல் ஒர்க்கருக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். அவர் பிறந்த ஊரையும் வருஷத்தையும் கேட்டார்கள், பாட்டி சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதல் மணி நேரத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன்.

பிக்குர் ஹோலிமிலிருந்து வியாழக்கிழமைதோறும் ஒரு பெண் வருகிறார், ஓய்வுநாளுக்கு வேண்டிய சூப்பும் ரொட்டியும் கொண்டு வருகிறார். செவ்வாய் நாலு மணி என்னுடையது. ஆறு ஆரஞ்சு எடுத்துக்கொண்டு போவேன், அவருடைய கத்தியால் அவரே உரிப்பார், தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக வரும், அதை என் மகனுக்கு என்று கொடுத்தனுப்புவார். ரசத்தில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார். அடுத்த வாரம் கோஷர் கடையில் புளியும் மிளகும் முத்திரை பார்த்து வாங்கி, அவர் பாத்திரத்தில், அவர் அடுப்பில், நான் சொல்லச் சொல்ல அவரே வைக்கப் போகிறார்.

வாக்கர் சத்தம் இப்போது ரொம்ப மெல்லிசாகத்தான் கேட்கிறது, ராத்திரியில் முன்னைவிடக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமை மட்டும் மேலே இரண்டு பேர் நடக்கும் சத்தம் நன்றாகக் கேட்கும்.