மூணாறு – டாப் ஸ்டேஷன் பழைய ரயில் தடத்தில் ஜியோகேச்: ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் பெட்டி இல்லை, உதவி தேவை

தேனி நடையன்:
அனைவருக்கும் வணக்கம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்று, 1924 பெருவெள்ளத்தில் அழிந்துபோன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் தடத்தை ஒட்டி, என் நண்பர் ஒருவர் எஸ்டேட்டில் அனுமதி பெற்று மூன்று கட்டங்கள் கொண்ட ஜியோகேச் (ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க ஒளித்துவைக்கும் பெட்டி) ஒன்றை வைத்திருக்கிறார். முதல் இரண்டு கட்டங்களைக் கையடக்கக் கருவி பிசகாமல் காட்டிவிட்டது. மூன்றாவதற்கு மட்டும், துல்லியம் 4 மீட்டர் என்று சொல்லிக்கொண்டே, கால் ஊன்ற முடியாத சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேடியும் பெட்டி கிடைக்கவில்லை. இரண்டாம் முறை எஸ்டேட் காவலாளி வந்து என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார். நான் தொலைக்காத ஒன்றைத்தான் தேடுகிறேன் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிழை கருவியிலா, என்னிடமா?

மலைமுகடு:
நீங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை உள்ளிட்ட வடிவத்தை முதலில் பாருங்கள். 10 பாகை 5 நிமிடம் 30 விநாடி என்பதை 10 பாகை 5.30 நிமிடம் என்று உள்ளிட்டுவிட்டால், அந்த ஒரு புள்ளியால் மட்டுமே ஏறத்தாழ 370 மீட்டர் தள்ளிப்போய்விடுவீர்கள். புதியவர்கள் செய்யும் பிழைகளில் இதுவே அதிகம்.

தேனி நடையன்:
பார்த்துவிட்டேன், ஐயா. மூன்று கட்டங்களும் ஒரே வடிவத்தில், நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இலக்கங்களோடுதான் இருக்கின்றன. அருகில் யூகலிப்டஸ் தோப்பு இருப்பதால் சிக்னல் சிதறுகிறதோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் இரண்டு நாட்களும் கருவி என்னை அதே செடியருகில்தான் நிறுத்தியது.

அளவைச்சங்கிலி:
நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. மரமும் பாறையும் சிக்னலைக் கெடுத்தால் காட்டும் இடம் அலைந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தை உறுதியாகக் காட்டிவிட்டு அந்த இடமே தவறாக இருந்தால், கருவி சரி, எண்தான் வேறு கணக்கைச் சேர்ந்தது என்று பொருள். மூன்றாம் கட்டத்தின் எண்களை உங்கள் நண்பர் அந்த இடத்தில் நின்று எடுத்தாரா, பழைய சர்வே வரைபடத்திலிருந்து எடுத்தாரா?

தேனி நடையன்:
நேற்றிரவு கேட்டேன். பெட்டியை வைத்த அன்று அவர் கருவியில் மின்கலம் தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து, தடம் குறிக்கப்பட்டிருந்த பழைய வரைபடத்திலிருந்து எண்களைப் படித்து எழுதியிருக்கிறார்.

அளவைச்சங்கிலி:
அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. நம் நாட்டுப் பழைய சர்வே வரைபடங்கள் எவரெஸ்ட் 1830 என்னும் நீள்கோளத்தையும் (பூமியின் வடிவக் கணக்கு), மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரைத் தொடக்கமாகக் கொண்ட டேட்டத்தையும் (இடங்களை எதிலிருந்து அளப்பது என்ற கணக்கு) அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது டேட்டத்தில் இயங்குகிறது. பூமியின் வடிவத்தையும் மையத்தையும் இரண்டும் வெவ்வேறாகக் கொள்வதால், ஒரே எண் இரண்டிலும் இரண்டு இடங்களைக் குறிக்கும். மூணாறு அமைந்துள்ள பகுதியில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 200 மீட்டர். வரைபட எண்ணை அப்படியே உள்ளிட்டால் உண்மையான இடத்துக்குத் தென்கிழக்கே போய் நிற்பீர்கள். கருவியின் அமைப்புகளில் டேட்டம் பட்டியலைத் திறந்து, இந்தியா–நேபாளத்துக்கான பழைய டேட்டத்தைத் தேர்ந்தெடுத்து (பங்களாதேஷ், தாய்லாந்துக்கானவை வேறு, அவற்றைத் தொட வேண்டாம்), எண்களை உள்ளிட்டுச் சேமித்த பின் மறக்காமல் டபிள்யூஜிஎஸ் 84-க்கே திரும்பிவிடுங்கள்.

எஸ்டேட்டில் பிறந்தவள்:
அளவைச்சங்கிலி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதுபோன்ற ரயில் தடம் சரிவில் நேராக ஏறாது, மலையை வளைத்து மெல்லவே ஏறும்; எனவே கால் வழுக்கும் இடத்தில் நின்றால் அது தடமல்ல என்று கருவியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். வரைபடத்தின் ஆண்டையும் கவனியுங்கள். 1902-இல் வந்தது சாலையோரமாக மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி. சிறிய சக்கரம் தண்டவாளத்திலும் பெரிய சக்கரம் சாலையிலும் உருளும். 1908-இல்தான் இரண்டடி அகல ரயில் வந்தது. மாட்டுப்பட்டி, குண்டளை அணைகள் எல்லாம் வெள்ளத்துக்குப் பிந்தையவை என்பதால், பழைய வரைபடத்தில் தரையாக இருப்பது இன்று தண்ணீராகவும் இருக்கலாம். டாப் ஸ்டேஷனில் ரோப்வே நிலையத்தின் சிதைவுகளைப் பார்த்ததும், அதில் தேயிலை இறங்கிய வழியே மலையடிவாரத்துக் கோட்டகுடி வரை இறங்கிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்தது அந்தச் சரிவுப் பக்கம்தான். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்காதீர்கள், தம்பி.

தேனி நடையன்:
நன்றி, அக்கா, நன்றி, ஐயா. இன்று காலை டேட்டத்தை மாற்றியதும் இலக்கு வடமேற்கே 210 மீட்டரில் தெரிந்தது. இந்த முறை காவலாளியிடம் அனுமதிக் கடிதத்தை முதலிலேயே காட்டிவிட்டேன். அவரும் கூடவே வந்தார். செடிகள் முடிந்து, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் சமமான புல்தரை தொடங்கியது. அதன் ஓரத்தில், பாசி படிந்த கல்கட்டின் இடுக்கில், பச்சை வண்ணம் பூசிய பழைய பிஸ்கட் டப்பாவைக் காவலாளிதான் முதலில் பார்த்தார். பதிவேடு பாதி நனைந்திருந்ததால் பென்சிலில்தான் எழுத முடிந்தது. அவர் பெயரையும் சேர்த்தே எழுதினேன். அந்த இடத்தில் கருவியைப் பத்து நிமிடம் வைத்துச் சராசரி எடுத்த எண்களை நண்பருக்கு அனுப்பிவிட்டேன்; ஜியோகேச்சின் இணையப் பக்கத்தில் இன்றிரவே திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.