தரம் 1, தரம் 2 ஒரே மண்டபத்தில்: எப்படிச் சமாளிப்பது?

பொகவந்தலாவை டீச்சர்:
வணக்கம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்துவிட்டு முதல் நியமனத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்திருக்கிறேன். தரம் 1, 2 இரண்டும் என் பொறுப்பு. நடுவில் ஒரு தட்டிகூட இல்லை. அந்தப் பக்கம் தரம் 3 வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்கிறார்கள். மழை வந்தால் தகரத்துச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. பத்து மணிக்கு மேல் ஒருவரும் இடத்தில் இருப்பதில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பிரம்பை எடுக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

மஸ்கெலியா ஆரம்பப்பிரிவு:
தங்கச்சி, பிரம்பு வேண்டவே வேண்டாம். 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பி அதைத் தடுத்துவிட்டது. கத்தவும் வேண்டாம், தகரத்தோடு போட்டி போட முடியாது. நான் ஒரு கையைத் தூக்குவேன். பார்த்த பிள்ளை தானும் தூக்கி வாயை மூடும், பக்கத்துப் பிள்ளையைத் தட்டும். மழையில்லாத நாளில் விளையாட்டாகவே பழக்குங்கள்.

இரண்டு தரத்துக்கும் ஒரே நேரத்தில் எழுத்து வேலை கொடுத்தால் இரண்டு பக்கமும் “டீச்சர், டீச்சர்” என்றுதான் இருக்கும். தரம் 2 எழுதட்டும், தரம் 1 பாயில் உங்களோடு விளையாடட்டும். அப்புறம் மாற்றுங்கள். முதன்மை நிலை 1இல், அதாவது தரம் 1, 2இல், விளையாட்டுக்குத்தான் கூடுதல் இடம், எழுத்து வேலை மேல் வகுப்புகளில்தான் கூடும். சுற்றாடல் பாடத்தை இரண்டு தரத்துக்கும் சேர்த்தே எடுக்கலாம். ஆளுக்கொரு கொழுந்து கொடுங்கள்: இரண்டு இலை, ஒரு மொட்டு. சின்னதுகள் எண்ணி, தடவிப் பார்த்து, வரையும். தரம் 2 அதைப் பற்றி இரண்டு வசனம் எழுதும். அம்மா எடுக்கிற கொழுந்து என்பதால் வாயே திறக்காத பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

கொட்டகலை சேர்:
பத்து மணிக்குத்தான் குழப்பம் என்றால் பசியைப் பாருங்கள் டீச்சர். அம்மாமார் விடியவே மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், சில பிள்ளைகள் வெறும் சாயத்தண்ணியோடு வந்திருப்பார்கள். சாப்பாட்டை முன்னுக்குக் கொடுக்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள்.

பொகவந்தலாவை டீச்சர்:
மிக்க நன்றி அக்கா, சேர். தரம் 2இல் ஒரு பையன் சட்டென்று எழுதி முடித்துவிட்டு மற்றவர்களைக் குழப்புகிறான். அவனை?

மஸ்கெலியா ஆரம்பப்பிரிவு:
பாய்க்குக் கூப்பிடுங்கள். தரம் 1க்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டட்டும். ஆனால் தினமும் அவனே வேண்டாம், மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும்.