'அலங்கார விவரம்' வேண்டாம்; 'சூழல் எதிர்வினை' எனலாம்

அன்புடையீர், வணக்கம்.

வீடியோ கேம்களில் பனியில் பதியும் காலடித் தடம், கண்ணாடியில் தெரியும் உருவம் முதலியவற்றுக்கு முன்மொழியப்பட்ட 'அலங்கார விவரம்' என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். கேம் உருவாக்குவோரின் பணிப்பட்டியலில் இவை அடியில் கிடப்பதற்குக் காரணம் இவை வெறும் அலங்காரம் என்பதன்று. பார்ப்பதற்குச் சிறியவையாக இருந்துகொண்டு பல துறையினரின் உழைப்பைக் கோருகின்றன என்பதே.

சுவரில் ஓர் ஓவியத்தை மாட்டுவது ஓவியரோடு முடிந்துவிடும் வேலை. அதே இடத்தில் உண்மையாகப் பிரதிபலிக்கும் கண்ணாடியை வைத்தாலோ, அறை முழுவதையும் வேறொரு கோணத்திலிருந்து மறுபடி வரைய வேண்டியிருக்கும். நொடிக்கு 60 சட்டகங்கள் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்கள்) ஓடும் கேமில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி; இயற்பியல் கணிப்பும் எதிரிகளின் நகர்வும் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். 1996-இல் வந்த 'டியூக் நியூகெம் 3டி'யில் கண்ணாடி வேலை செய்தது, ஆனால் அதற்காகக் கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிடம் ஒன்றை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. திரையில் ஏற்கெனவே வரையப்பட்டதைக் கொண்டே பிரதிபலிப்பை உருவாக்கும் பிற்கால உத்தி மலிவானது என்றாலும், திரைக்கு வெளியே இருப்பதை அதனால் காட்ட இயலாது. கேம்களின் குளியலறைக் கண்ணாடிகள் அடிக்கடி உடைந்தோ மங்கியோ இருப்பதில் வியப்பில்லை!

காலடித் தடத்துக்கும் அசைவு, ஒலி, நினைவகம் என்று பலர் கைகோக்க வேண்டும். எத்தனை தடங்களை வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதையும் நிரலர் முடிவுசெய்ய வேண்டும். திறக்காத கதவு ஆட்டத்தையே நிறுத்திவிடும், பதியாத தடம் எதையும் நிறுத்தாது. ஆகவே வெளியீட்டு நாள் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது தடம்தான். 2001-இல் 'மெட்டல் கியர் சாலிட் 2' சிதறிய பனிக்கட்டிகளைக்கூட உருகவைத்தது என்பதை இன்றும் வியந்து பேசுகிறோம் என்றால், அத்தகைய பிடிவாதம் அவ்வளவு அரிது.

எனவே மாறாமல் இருப்பவற்றுக்குச் 'சூழல் நுணுக்கம்' என்றும், ஆட்டக்காரரின் செயலுக்கு ஏற்ப மாறுபவற்றுக்குச் 'சூழல் எதிர்வினை' என்றும் இரு சொற்களை முன்வைக்கிறேன். 'மெருகேற்றம்' (polish) என்பது கேமைச் செப்பனிடும் பணிக்கட்டத்தின் பெயராக மட்டும் இருக்கட்டும். 'எதிர்வினை' பகைமையைச் சுட்டுமோ என்ற ஐயம் எழலாம். வேதியியலிலும் அரசியலிலும் புழங்கும் சொல்லாதலால் இங்கு குழப்பம் வராது என்று கருதுகிறேன். முன்னதாகவே வரைந்து ஒட்டிய பொய்ப் பிரதிபலிப்பை நுணுக்கத்தில் சேர்ப்பேன், ஏனெனில் ஆட்டக்காரர் அதன் முன் வந்து நின்றாலும் அது மாறுவதில்லை.