ஆர்லெக்கினோ பாஸ்தா: சிவப்புத் துண்டு மட்டும் உரிந்து வருகிறது
போலோன்யாவில் இருக்கிறேன். கார்னிவலுக்காக வீட்டிலேயே பாஸ்தா செய்கிறேன், பழைய இத்தாலிய முகமூடி நாடகத்தில் வரும் வேலைக்காரன் ஆர்லெக்கினோவின் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி, மஞ்சள் மாவுத் தகட்டின் மேல் பச்சை, சிவப்பு டைமண்ட் துண்டுகளை ஒட்டி. பச்சை அப்படியே நிற்கிறது. சிவப்பு மட்டும் கொதிநீரில் போட்ட ஒரே நிமிடத்தில் ஓரம் சுருண்டு, உரிந்து, தனியாக மிதக்கிறது. நிறமும் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடுகிறது.

100 கிராம் 00 மாவுக்கு (மிக நைசான இத்தாலியக் கோதுமை மாவு) 1 முட்டை. பச்சைக்கு வேகவைத்துப் பிழிந்த பசலைக்கீரை, சிவப்புக்கு பீட்ரூட் விழுது. கையால் சுற்றும் அட்லஸ் 150 பாஸ்தா மெஷினில் தடிமன் எண் 5 வரை இழுத்து, துண்டுகளை ஒட்டி, இன்னும் மெல்லிய 6-இல் ஒரு தடவை விடுகிறேன்.

மூன்று வாரமாகப் போராடுகிறேன். தண்ணீர் தடவி ஒட்டினேன், அப்புறம் முட்டை வெள்ளைக்கரு, ஒட்டிய பின் ஒரு மணி நேரம் ஆறவும் விட்டேன். பீட்ரூட்டுக்குப் பதில் தக்காளி பேஸ்ட் போட்டதில் நிறம் நின்றது, உரிவது நிற்கவில்லை. இதே கீரை மாவில், அதே முகமூடி நாடகத்தில் வரும் டாக்டர் பாலன்ஸோனே பெயரிலுள்ள பாலன்ஸோனி என்ற பூரணம் வைத்த பாஸ்தா செய்தேன், உள்ளே ரிக்கோட்டா சீஸும் மோர்த்தடெல்லா என்ற பன்றி இறைச்சி சாஸேஜும் வைத்து. ஒன்றுகூடப் பிரியவில்லை, அவ்வளவு அழகாக வந்தது. அதனால் சந்தேகம் சிவப்பு மாவின் மேல்தான்.

சிவப்புத் துண்டு வேகும்போது உரியாமல் இருக்க அதன் மாவில் எதை மாற்ற வேண்டும்?