ஏற்காட்டு இறக்கத்தில் வளைந்து கொடுத்த தடுப்பு

சேலம் கோரிமேட்டில் வெல்டிங் பட்டறை நடத்துகிறவன் என்பதால், இரும்பு என்றால் அசையாமல் நிற்க வேண்டும் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கடந்த ஐப்பசியில் ஏற்காட்டிலிருந்து மாமாவுடன் காரில் இறங்கியபோது, மழையில் நனைந்திருந்த ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பின்சக்கரம் வழுக்கி, வண்டியின் இடப்புறம் பள்ளத்தோரத் தடுப்பில் சாய்வாக மோதியது. தடுப்பின் இரும்புத் தகடு ஒரு முழம் வெளியே பிதுங்க, அதை உரசியபடியே சிறிது தூரம் போய் வண்டி நின்றது. மட்கார்டும் கதவும் நசுங்கின. மாமாவின் மடியிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் காலடியில் உருண்டனவே தவிர, அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

மறுநாள் டேப்புடன் போய் அந்த இடத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி, வேறென்ன. தகட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டு மடிப்புகளாக அலைபோல் வளைக்கப்பட்டிருப்பதால் அது எளிதில் மடங்குவதில்லை; வண்டி மோதும்போது நாடாவைப் போல இழுத்துப் பிடிக்கிறது. மண்ணில் இறக்கிய தூண் பின்னால் சாய்ந்திருந்தது. தூணுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்திருந்த இரும்புத் துண்டு, சக்கரம் தூணில் சிக்காதபடி இடைவெளி தருவதோடு, தூண் சாயும்போது தகடு தாழ்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. போல்ட்டின் தலை நீள்துளை வழியே பிய்த்துக்கொண்டு வந்திருந்ததைக் கண்டு முதலில் மட்டமான வேலை என்றே நினைத்தேன். தூணோடு சேர்ந்து தகடும் கீழே இழுபடாமல் விடுபடுவதற்காகவே அப்படி அமைக்கிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. 10 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டிய வேகம் 50 சென்டிமீட்டரில் அடங்கினால், உள்ளே இருப்பவர் மீது விழும் சராசரி விசை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

தூண் சாய்வதற்கு அதன் பின்னால் மண் வேண்டும். பள்ளத்து விளிம்பில் அது அரையடி கூட இருப்பதில்லை என்பதே மலைப்பாதையின் பெரிய சிக்கல்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்த இடத்தைச் சரிசெய்திருந்தார்கள். தூண்களைச் சுற்றிக் கான்கிரீட், நடுத்துண்டு இல்லை, தகட்டைத் தூணோடு ஒட்டவைத்துத் தடித்த வாஷர் போட்டு முறுக்கிய போல்ட். அங்கு நின்ற மேஸ்திரியிடம், "இது துளியும் அசையாதே?" என்று கேட்டேன். "அசையக் கூடாதுன்னுதானுங்கண்ணா இப்படிப் போட்டிருக்கோம்" என்றார், பெருமையாக.

அந்த வளைவில் இப்போதெல்லாம் இரண்டாம் கியரிலேயே இறங்குகிறேன்.