அமெரிக்க அதிபர் நினைத்த அதிகாரியை நீக்கலாமா?

கரிசல்காடு:
அரசமைப்பில் எழுதியிருப்பதைத் தாண்டக் கூடாது என்று காலமெல்லாம் சொன்ன அமெரிக்கப் பழமைவாத நீதிபதிகள், அதிபர் விஷயத்தில் மட்டும் தாராளமாகிவிடுகிறார்கள். 2024 ஜூலையில் டிரம்ப் வழக்கில், அலுவல் சார்ந்த செயல்களுக்காகக் குற்ற வழக்கு வராமல் அதிபருக்குப் பாதுகாப்பு உண்டு என்று 6-3 தீர்ப்பு. அது எந்த வரியில் இருக்கிறது? அவையில் பேசியதற்காக உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதிபருக்கும் எழுதத் தெரியாதா? அதிகாரிகளை அதிபர் நினைத்தபடி நீக்கலாம் என்பதும் இதே கதைதான்.

முதல் பெஞ்ச்:
அந்தத் தீர்ப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதிகாரிகளை நீக்கும் உரிமை வேறு கதை சார். நிர்வாக அதிகாரம் ஓர் அதிபரிடம் இருக்கும் என்றுதான் அரசமைப்பின் இரண்டாம் பிரிவு தொடங்குகிறது. 1988இல் மாரிசன் வழக்கில், மேலிடத்து அதிகாரிகளை விசாரிக்க, அதிபர் நினைத்தபடி நீக்க முடியாத சிறப்பு வழக்கறிஞரை நியமிக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 7 பேர் சொன்னார்கள். நிர்வாக அதிகாரம் முழுவதும் அதிபருக்கே என்று நீதிபதி ஸ்காலியா ஒருவர்தான் எதிர்த்தார். பத்து வருஷம் கழித்து அதே சட்டத்தை வைத்துக்கொண்டு சிறப்பு வழக்கறிஞர் கென் ஸ்டார் அதிபர் கிளின்டனைக் குடைந்தபோது, கிளின்டனின் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கும் ஸ்காலியா சொன்னது உறைத்தது. 1999இல் சட்டத்தைக் காலாவதியாக விட்டுவிட்டார்கள்.

கரிசல்காடு:
அந்த 7 பேருக்காகத் தீர்ப்பு எழுதியது ரென்குவிஸ்ட். பழமைவாத அதிபர் ரீகன் தலைமை நீதிபதியாக்கியவர், இடதுசாரியா என்ன? இன்னும் பின்னால் போங்கள். வர்த்தக ஆணையத்தின் உறுப்பினர் ஹம்ப்ரியை ராஜினாமா செய்யச் சொன்னார் அதிபர் ரூஸ்வெல்ட். மனுஷன் மறுத்தார், 1933இல் நீக்கப்பட்டார், மறு வருஷமே இறந்தும் போனார். சம்பள பாக்கி கேட்டு வழக்குப் போட்டது அவருடைய சொத்தை நிர்வகித்தவர். 1935இல் ஒன்பது நீதிபதிகளும் நீக்கியது தவறு என்றார்கள். எழுதிய சதர்லேண்ட், ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை விடாமல் எதிர்த்த நான்கு பழமைவாத நீதிபதிகளில் ஒருவர். நாற்காலியில் யார் என்பதைப் பார்த்துத்தான் கொள்கையே மாறுகிறது.

முதல் பெஞ்ச்:
1926 மையர்ஸ் வழக்கை வசதியாக விட்டுவிட்டீர்களே! போர்ட்லாந்து அஞ்சல் அதிகாரியை நீக்க செனட்டின் (மேலவையின்) சம்மதம் வேண்டியதில்லை என்று எழுதினாரே, முன்பு அதிபராக இருந்த தலைமை நீதிபதி டாஃப்ட், நீக்கியவர் அவரைத் தேர்தலில் தோற்கடித்த வில்சன். அங்கே எந்த நாற்காலியைப் பார்த்தார்?

திண்ணை:
நடுவில் ஒரு சந்தேகம். 2025 மே மாதம் தொழிலாளர் உறவு வாரிய உறுப்பினரை டிரம்ப் நீக்கியதை இடைக்காலமாக அனுமதித்த உச்ச நீதிமன்றம், நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் (ஃபெட்) மட்டும் தனி ரகம் என்றது. எல்லா நிர்வாக அதிகாரமும் அதிபருக்கே என்றால் அது எப்படித் தப்பித்தது?

முதல் பெஞ்ச்:
1791இல் தொடங்கிய அமெரிக்காவின் முதல் தேசிய வங்கியின் வழிவந்தது என்பது நீதிமன்றத்தின் வாதம். அந்த வங்கியில் அரசுக்கு ஐந்தில் ஒரு பங்குதான், மீதி தனியாருடையது.

கரிசல்காடு:
அந்த வங்கி மற்ற வங்கிகளுக்கு விதி போட்டதா, அபராதம் போட்டதா? இன்றைய ஃபெட் இரண்டையும் செய்கிறது. இதைவிட நிர்வாக வேலை வேறென்ன? பங்குச் சந்தை ஆடிவிடும் என்ற பயம்தான் காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

முதல் பெஞ்ச்:
சரி, அந்த இடம் இடிக்கத்தான் செய்கிறது. வட்டி விகிதத்தை ஃபெட்டிடம் விட்டுவிட்டு, வங்கிக் கண்காணிப்பை நிதித்துறைக்கு மாற்றினால் தீரும். ஆனால் அதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் சட்டம் போட்டுச் செய்ய வேண்டும், நீதிமன்றம் அல்ல.