இறக்குமதியில் ‘ட்ரங்கேஷன்’ பிழை: ஃபீல்டை அகலமாக்குவதா, வரியை ஒதுக்குவதா?

சிஎஸ்வி_புதுசு:
முகவரிப் பட்டியல் (கமாவால் பிரித்த சிஎஸ்வி ஃபைல்) ஒன்றை எஸ்க்யூஎல் சர்வர் இம்போர்ட் விசார்டில் ஏற்றினால் ட்ரங்கேஷன், அதாவது நீளம் கூடி வெட்டுப்படுகிறது, என்று நின்றுவிடுகிறது. டேபிளில் முகவரி ஃபீல்டு என்வார்சார் 200 (யூனிகோட் எழுத்து வகை, நீள வரம்பு 200). ஃபைலில் இருக்கும் மிக நீளமான முகவரியே 140 தாண்டவில்லை. எங்கே இடிக்கிறது?

மேக்ஸ்_கட்சி:
டேபிள் வரைக்கும் போகவே இல்லை, விசார்டிலேயே இடிக்கிறது. ஃபிளாட் ஃபைல் சோர்ஸ் எல்லா ஃபீல்டையும் 50 என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் முகவரியின் அகலத்தை 500 ஆக்கி, டைப்பை யூனிகோட் ஸ்ட்ரிங் என மாற்றுங்க. டேபிளிலும் என்வார்சார் மேக்ஸ் (நீள வரம்பு கிட்டத்தட்ட இல்லாதது) போட்டுட்டா இனிமே இந்தத் தொல்லையே வராது.

பைட்_எண்ணி:
50 விஷயம் சரி. மேக்ஸ் யோசனைதான் ஆபத்து. முகவரிக்குள் கமா இருந்து, டெக்ஸ்ட் குவாலிஃபையரில் (மதிப்பைச் சுற்றி வரும் குறி எது என்று சொல்லும் இடம்) இரட்டை மேற்கோள் கொடுக்காமல் விட்டால் ஃபீல்டுகள் ஒன்று தள்ளி விழும். மாவட்டம் இருக்கவேண்டிய இடத்தில் தெருப்பெயர் உட்காரும். மூடும் மேற்கோள் ஒன்று விடுபட்டால் பின்னால் வரும் வரிகளும் ஒரே ஃபீல்டுக்குள் போய்விடும். மாவட்ட ஃபீல்டுக்கு 30 போல ஒரு வரம்பு இருந்தால் அங்கேயே கத்தும். மேக்ஸ் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மேக்ஸை இண்டெக்ஸ் கீயாகவும் (வேகமாகத் தேட உதவும் சாவி) வைக்க முடியாது.

மேக்ஸ்_கட்சி:
அதுக்காக ஒரு கெட்ட வரிக்கு மொத்த லோடும் நிக்கணுமா? நீளம் கூடினால் லெஃப்ட் (முன்பகுதியை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன்) போட்டு வெட்டிட்டுப் போகலாமே. முகவரியில் கடைசி நாலு எழுத்து போனால் குடி முழுகாது.

பைட்_எண்ணி:
தமிழில் முழுகும். ‘திருநெல்வேலி’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணும் என்வார்சாருக்கு 12. 11-இல் வெட்டினால் ‘திருநெல்வேல’, 7-இல் வெட்டினால் ‘திருநெல’. பார்க்கிறவர் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார், வெட்டுப்பட்டது தெரியாது. யூடிஎஃப்-8 கொலேஷனோடு (எழுத்தைச் சேமிக்கும் முறையைச் சொல்லும் அமைப்பு) பைட் கணக்கில் அளக்கும் வார்சார் வைத்தால் அதே ஊருக்கு 36 பைட் வேண்டும்.

லோடு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜில் (விசார்டு உருவாக்கும் டேட்டா ஏற்றும் வேலைத்திட்டம்) எரர் அவுட்புட்டைத் திறந்து, ட்ரங்கேஷனுக்கு ‘ரீடைரக்ட் ரோ’ கொடுங்க. நல்ல வரி உள்ளே போகும், கெட்டது தனி ஃபைலுக்குப் போகும். ‘இக்னோர் ஃபெயிலியர்’ மட்டும் வேண்டாம், அது வெட்டிவிட்டு வாயைத் திறக்காது.

மை_எஸ்க்யூஎல்_வாசி:
எங்க பக்கம் ஒரு எச்சரிக்கை. மை எஸ்க்யூஎல் 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோடு (தவறான மதிப்பை மறுக்கும் அமைப்பு) இயல்பாகவே இருக்கும், நீளம் கூடினால் 1406 பிழை வரும். ஆனால் ஃபைலை ஏற்றும் லோட் டேட்டா கட்டளையோடு ‘லோக்கல்’ சேர்த்தால் அதே பிழை வெறும் வார்னிங் ஆகி, வெட்டுப்பட்ட டேட்டா உள்ளே போய்விடும். முடிந்த கையோடு ‘ஷோ வார்னிங்ஸ்’ பாருங்க.

மேக்ஸ்_கட்சி:
ரீடைரக்ட் ஒத்துக்கிறேன். ஆனா ஸ்டேஜிங் டேபிளில் (நிஜ டேபிளுக்கு முன் தற்காலிகமாக ஏற்றும் இடம்) மேக்ஸ்தான். முழு டேட்டாவும் உள்ளே வந்தால்தானே எது நீளம்னு அளக்க முடியும்?

பைட்_எண்ணி:
ஸ்டேஜிங்கில் தாராளமா வைங்க, நிஜ டேபிளுக்குத்தான் கூடாது என்கிறேன். அளக்கும்போது நீளம் காட்டும் லென் ஃபங்ஷனை மட்டும் நம்பாதீங்க, கடைசி ஸ்பேஸ்களை அது எண்ணாது. பைட் கணக்கு தரும் டேட்டாலெங்த்தை 2-ஆல் வகுங்க. நிஜ டேபிளுக்கு மாற்றுகையில் பழைய சர்வரில் 8152 பிழை வந்தால் எந்த ஃபீல்டு என்றே சொல்லாது. எஸ்க்யூஎல் சர்வர் 2019-இல் வரும் 2628 பிழை டேபிள், ஃபீல்டு, வெட்டுப்பட்ட மதிப்பு மூன்றையும் காட்டும். இன்னொன்று, இடையில் ஸ்டோர்டு ப்ரொசீஜர் (சர்வரில் சேமித்து வைத்த நிரல்) இருந்தால், அது வாங்கும் மதிப்பான பாராமீட்டரின் நீளத்தையும் பாருங்க. அங்கே வெட்டுப்பட்டால் பிழையே வராது.

சிஎஸ்வி_புதுசு:
500 ஆக்கினதும் முகவரி ஏறிவிட்டது. இப்போ 30 வைத்த ஊர்ப்பெயர் ஃபீல்டில் நிற்கிறது. ப்ரிவ்யூவில் தமிழுக்குப் பதில் லத்தீன் குறிகளாத் தெரியுது.

பைட்_எண்ணி:
கோட்பேஜ் (ஃபைலின் எழுத்துக் குறியீட்டுமுறை) 1252-இல் இருக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்றாக உடைந்து 12 என்பது 36 ஆகிறது. 65001 (யூடிஎஃப்-8) ஆக மாற்றுங்க, 30-ஐத் தொடவேண்டாம்.